பரணில் கிடக்கும் ரயிலுக்கு எந்த டிரான்ஸ்பார்மர்?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கமிருந்து தோல் வியாபாரத்துக்காக வெளிநாடு போய்வந்த தாத்தா, அங்கிருந்து வாங்கிவந்த பொம்மை ரயில் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறதா? ஆசையில் உடனே பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். டிரான்ஸ்பார்மரில் ஒட்டியிருக்கும் தகட்டை முதலில் படியுங்கள்.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்க லயனல் ரயிலின் டிரான்ஸ்பார்மர் பெட்டி ஏறக்குறைய 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கானது. நேரே கொடுத்தால் கருகிவிடும். வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் வைத்தாலும் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும்.

ரயிலுக்கு ரயில் தேவையும் மாறும். ஜெர்மனியின் பழைய மெர்க்லின் 16 வோல்ட் ஏசியில் ஓடும். திசை மாற்ற நொடிநேரம் 24 வோல்ட் வேண்டும். இங்கிலாந்தின் ஹார்ன்பி டப்ளோவுக்கு 12 வோல்ட் டிசி. அதற்கு ஏசி கொடுத்தால் வண்டி நகராது, உறுமும், மோட்டார் காயில் சூடாகும்.

வயர் உறை வெடித்த பழைய பெட்டியை அலமாரியில் அழகுக்கு வையுங்கள். ஓட்ட, 230 வோல்ட்டுக்கான புதியதே நல்லது. ரீவைண்டிங் கடையில் கட்டச் சொன்னால் மின்சாரம் உள்ளே வரும் சுற்றும் வெளியே போகும் சுற்றும் தனித்தனியாக இருக்கட்டும், வெளிப்பக்கம் ஃபியூஸும் கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே சுற்றுள்ள ஆட்டோ டிரான்ஸ்பார்மர் வேண்டவே வேண்டாம்: தண்டவாளத்தைத் தொடப்போவது குழந்தையின் கை.