எத்தனை இனங்கள்? நுண்ணுயிர்ச் சமூகத்தை அளக்கும் கணக்கு

ஒரு சிட்டிகை மண்ணில் வாழும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்வதே இல்லை. ஆகவே ஆய்வாளர்கள் மண்ணிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, 16எஸ் எனும் மரபணுவை வாசித்து, ஒத்தவற்றை ஓர் இனமாகத் தொகுக்கின்றனர். சிக்கல் அதன் பிறகுதான் தொடங்குகிறது.

இரண்டு மாதிரிகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 100 வாசிப்புகள். அதே நான்கு இனங்கள். முதலாவதில் 25, 25, 25, 25. இரண்டாவதில் 97, 1, 1, 1. இன எண்ணிக்கை சமம்தான். ஆனால், இரண்டாவதில் நடப்பது தனியாட்சி என்பது கண்கூடு.

இதைப் பிடிக்க, 1949இல் சிம்சன் ஒரு வழி காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து, திரும்பப் போட்டு, மீண்டும் ஒன்றை எடுத்தால் இரண்டும் ஒரே இனமாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? ஒவ்வோர் இனத்தின் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் விடை வரும்: 0.25, 0.9412. ஒன்றை இவற்றால் வகுத்தால் முறையே 4, 1.06. அதாவது, இரண்டாம் மாதிரி ஏறக்குறைய ஒரே இனத்தின் குடியிருப்பு.

மருத்துவத்திலும் இந்த எண்ணுக்கு வேலை உண்டு. 2013இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வொன்றில், குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் கிருமியால் திரும்பத் திரும்ப வயிற்றுப்போக்குக்கு ஆளான 16 பேருக்கு, நலமானவர்களின் மலக் கரைசல் குடலில் செலுத்தப்பட்டது. (முகம் சுளிக்க வேண்டாம், மருந்தே அதுதான்!) முதல் முறையிலேயே 13 பேர் குணமடைந்தனர். வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் நால்வரே தேறினர். சிகிச்சைக்கு முன் தாழ்ந்திருந்த சிம்சன் அளவு, பின்னர் கொடையாளிகளின் அளவை ஒட்டி உயர்ந்தது.

அதிகம் தேடினால் அதிகம் அகப்படும். எனவே, 1,000 வாசிப்புள்ள மாதிரியை 50,000 உள்ளதோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. கண்ணில் படாதவற்றை மதிப்பிட, தைவானின் ஆன் சாவ் 1984இல் ஒரு சூத்திரம் தந்தார். 40 இனங்கள் கிடைத்தன; அவற்றில் 10 ஒரே முறையும் 5 இருமுறையும் தென்பட்டன என்போம். 10இன் வர்க்கத்தை 5இன் இருமடங்கால் வகுத்தால் 10. ஆக, குறைந்தது இன்னும் 10 இனங்கள் ஒளிந்திருக்கின்றன. வாசிப்புப் பிழைகளும் ஒருமுறை தென்பட்ட இனமாக வேடமிடக்கூடும் என்பதால், இந்த எண்ணை நான் சற்றுத் தள்ளிநின்றே நம்புவேன்.

மாதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேறு அளவு வேண்டும். இரண்டிலும் 4 என வந்தாலும் இனங்கள் முற்றிலும் வேறாக இருக்கலாம் அல்லவா? பிரே, கர்டிஸ் இருவரின் பெயரால் வழங்கும் 1957ஆம் ஆண்டு முறையில், இனவாரியான வித்தியாசங்களைக் கூட்டி, மொத்த வாசிப்புகளால் வகுப்பார்கள். 0 எனில் வேறுபாடே இல்லை. 1 எனில் பொதுவான இனம் ஒன்றுகூட இல்லை. நம் இரு மாதிரிகளுக்கும் 72, 24, 24, 24 சேர்ந்து 144; அதை 200ஆல் வகுக்க 0.72.