வழியில் பெட்டியைத் திறக்காதீர்கள்

பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் சென்னையிலிருந்து மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ காரில் கிளம்பும் குடும்பங்களில் இப்போது பூனையும் ஒரு ஆளாகிவிட்டது. நாயைக் காரில் கூட்டிப்போவது நமக்குப் பழகிய காட்சி. பூனை அப்படியில்லை. நம் ஊரில் பூனை வண்டி ஏறியதெல்லாம் பெரும்பாலும் சாக்குப்பைக்குள்தான், அதுவும் வேண்டாம் என்று எங்கோ கொண்டுபோய் விட்டுவருவதற்கு. ஆகவே அதைப் பத்திரமாக அழைத்துப்போவது எப்படி என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. பூனையோடு நெடுஞ்சாலையில் போய்வந்து பழகிய எனக்கு இதில் ஒரே ஒரு விதிதான் உண்டு. வீட்டுக்குள் பெட்டியில் ஏறிய பூனை, போய்ச் சேரும் வீட்டில் ஒரு அறைக் கதவைச் சாத்தும்வரை அந்த மூடிய பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். பெட்டியும் காருக்குள் அசையாமல் இருக்க வேண்டும். எட்டு மணி நேரப் பயணத்துக்கு இது கொடுமை என்று தோன்றும். வழியில் மனம் இளகிப் பெட்டியைத் திறப்பதுதான் ஆபத்து என்பது என் வாதம். திறக்கத் தேவையே வராதபடி செய்கிற வேலையெல்லாம் கிளம்புவதற்குப் பல வாரம் முன்பே வீட்டில் நடக்க வேண்டியது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், உள்ளே கட்டுப்பாடில்லாமல் இருக்கும் பூனை அதே வேகத்தில் முன்னால் பாயும். 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது என்ன வேகம் இருக்குமோ, அதே வேகம். விழும்போது உடம்பைத் திருப்பிக் காலூன்றப் பூனைக்குத் தெரியும். கண்ணாடியில் போய் மோதும்போது அந்த வித்தை உதவாது. "மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேனே" என்பார்கள். கார் அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுவதாக வைத்துக்கொண்டால், நான்கு கிலோ பூனையைப் பிடித்து நிறுத்த நூறு கிலோவுக்கு மேற்பட்ட எடையைத் தாங்குகிற பிடி வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எந்தக் கைக்கும் அது முடியாது. முன்சீட்டில் மடியில் வைத்திருந்தால் ஏர்பேக் விரியும் வேகத்தில் பூனை நடுவில் சிக்கி நசுங்கும். விபத்தே நடக்காவிட்டாலும், பயந்த பூனை ஒளிந்துகொள்ளத் தேடுவது தாழ்வான இருட்டு இடத்தை. ஓட்டுநரின் காலடியில் பிரேக் பெடலுக்குக் கீழே இருப்பதும் அப்படி ஒரு இடம்தான். ஓட்டுநரின் கட்டுப்பாட்டுக்கு இடைஞ்சலாக யாரையும் உட்காரவைக்கவோ எதையும் வைக்கவோ கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு சொல்கிறது. ஸ்டீயரிங்கின் மேல் பூனையை உட்காரவைத்து ரீல்ஸ் எடுப்பவர்கள் அதை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

மோதலைவிட நான் அதிகம் அஞ்சுவது கதவு திறக்கும் நொடியை. சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் சரியாகப் படிக்கவில்லை என்று கண்ணாடியை இறக்குவோம். பெட்ரோல் பங்க்கில் ஒருவர் இறங்குவார், டீக்கடையில் குழந்தை பின்கதவைத் திறக்கும். அரையடி இடைவெளி பூனைக்குத் தாராளம். வீட்டில் பெயர் சொன்னால் ஓடிவரும் பூனை, புது இடத்தில் பயந்து ஓடினால் கூப்பிட்ட குரலுக்கு வருவதில்லை. பத்தடி தூரத்து முட்புதருக்குள் சத்தமே காட்டாமல் மணிக்கணக்காகப் பதுங்கியிருக்கும். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிச் சத்தத்துக்கு நடுவே அதை எப்படித் தேடுவது? மைக்ரோசிப் போட்டிருக்கிறோமே என்று தெம்பாக இருப்பவர்களுக்கு ஒரு விஷயம்: அந்தச் சிப் பூனை இருக்கும் இடத்தைக் காட்டாது. பூனையைப் பிடித்த ஒருவர் அதற்கான கருவியை அருகில் வைத்துப் பார்த்தால் ஒரு எண் தெரியும், அவ்வளவே. சிப் நல்லதுதான். ஆனால் விழுப்புரம் தாண்டி ஒரு கிராமத்தில் பூனையைக் கண்டெடுப்பவரிடம் அந்தக் கருவி இருக்காது. அவருக்குப் பயன்படுவது கழுத்துப் பட்டையில் எழுதிய கைபேசி எண். எதிலாவது மாட்டிக்கொண்டால் தானாக அவிழ்கிற கொக்கி வைத்த பட்டையாக வாங்குங்கள்.

இனி எல்லோரும் சொல்கிற மறுப்புக்கு வருகிறேன். "பெட்டிக்குள் வைத்தால் கத்திக்கொண்டே வருகிறது, வெளியே விட்டால் அமைதியாகிவிடுகிறது." கத்துவது உண்மை. ஆனால் அது கத்துவது பெட்டிக்காக மட்டும் இல்லை. பூனைக்குப் பாதுகாப்பு என்பது தான் நாள்தோறும் உரசி, மணம் பதித்து வைத்திருக்கிற இடம். காரில் அந்த மணம் எதுவும் இல்லை; தரை அதிர்கிறது, என்ஜின் இரைகிறது. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், பூனையின் காது 60-ஐயும் தாண்டிக் கேட்கும். நம் பேருந்துகளின் ஏர்ஹாரன் அந்தக் காதில் எப்படி விழும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம். பெட்டியைத் திறந்துவிட்டால் இழந்த இடம் திரும்பக் கிடைத்துவிடாது. சீட்டுக்கு அடியில் போய் ஒடுங்கி அசையாமல் இருப்பதை நாம் அமைதி என்று எடுத்துக்கொள்கிறோம். பயத்தில் உறைந்த பூனையும் அப்படித்தான் இருக்கும்.

அப்படியானால் வழி, பெட்டியையே பூனையின் இடமாக மாற்றிவிடுவதுதான். இது என் ஊகம் இல்லை. வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 22 பூனைகளில் பாதியை மட்டும் ஆறு வாரம் பெட்டிக்குப் பழக்கி, பிறகு இரண்டு கூட்டத்தையும் காரில் ஏற்றிப் பார்த்தார்கள். பழகிய பூனைகளிடம் பயணத்தின்போது பதற்றம் தெளிவாகக் குறைந்திருந்தது. 2018-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. நாம் செய்வதோ நேர் எதிர். பரணில் கிடக்கும் பெட்டியை ஊசி போடும் நாளன்று மட்டும் இறக்குகிறோம். பெட்டி கண்ணில் பட்டாலே பூனை கட்டிலுக்கு அடியில் போய்விடுவதில் என்ன வியப்பு? பெட்டியைக் கூடத்தின் மூலையில் நிரந்தரமாக வையுங்கள். முதலில் மேல்மூடியைக் கழற்றிவிட்டு அடிப்பாகத்தை மட்டும். அதில் துவைக்காத பழைய பருத்திப் புடவையை மடித்துப் போடுங்கள். வீட்டு மணம் அதில்தான் இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டை நாளுக்கு நாள் பெட்டிக்கு அருகில் நகர்த்தி, உள்ளே கொண்டுபோங்கள். தானாகப் போய்த் தூங்க ஆரம்பித்த பிறகு மூடியை மாட்டுங்கள். அடுத்து கதவைச் சில நொடி சாத்தித் திறப்பது, அதன்பின் தூக்கிக்கொண்டு அறைக்குள் நடப்பது, நிற்கும் காரில் வைப்பது, என்ஜினை மட்டும் ஓடவிடுவது, தெருமுனைவரை போய்வருவது. ஒவ்வொரு படிக்கும் அதற்குப் பிடித்த தீனி கொஞ்சம். அவசரப்பட்டு இரண்டு படியை ஒரே நாளில் தாண்டினால் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பெட்டியைப் பற்றிக் கொஞ்சம். கெட்டியான பிளாஸ்டிக்கில், மேலேயும் திறக்கிற மாதிரி இருப்பது நல்லது. அடம்பிடிக்கும் பூனையை முன்வாசல் வழியாகத் தலையை அழுத்தித் தள்ளுவதைவிட, துண்டில் சுற்றி மேலிருந்து பின்பக்கமாக இறக்குவது இரண்டு பேருக்கும் நல்லது. உள்ளே எழுந்து நின்று திரும்பிப் படுக்க இடம் இருந்தால் போதும். விசாலமாக இருக்கட்டும் என்று நாய்க்கூண்டு வாங்கினால் ஒவ்வொரு பிரேக்குக்கும் பூனை அங்குமிங்கும் சறுக்கும். மேல்பாகத்தையும் அடிப்பாகத்தையும் இணைக்கும் பக்கக் கொக்கிகளைப் பயணத்துக்கு முன் ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். மலிவான பெட்டிகளில் அவைதான் முதலில் விடும். ஓட்டைகளில் கேபிள் டை மாட்டி இறுக்கிவிட்டால் கவலையில்லை. தூக்கும்போது கைப்பிடியை நம்பாமல் அடியில் இரண்டு கையையும் கொடுங்கள். முதுகில் மாட்டுகிற, கண்ணாடிக் குமிழ் வைத்த பைகள் பார்க்க அழகு. நம் வெயிலுக்கு அவை ஆகாது, மோதலையும் தாங்காது. காய்கறிக் கூடையைத் துணியால் மூடிக் கட்டுவது தெரு முக்கு மருத்துவர்வரை கூடச் சரிவராது. காருக்குள் முன்சீட்டுக்குப் பின்னால், காலடி இடத்தில் இறுக்கமாகப் பொருந்தினால் அதுவே நல்ல இடம். பொருந்தாவிட்டால் பின்சீட்டில் வைத்து, சீட் பெல்ட்டைக் கைப்பிடியில் மட்டும் கோக்காமல் பெட்டியைச் சுற்றிக் கொண்டுவந்து மாட்டி, ஆட்டிப்பார்த்து ஆடாதபடி செய்யுங்கள். டிக்கியில் வைக்கவே கூடாது. காரில் வாசனைப் புட்டி இருந்தால் கழற்றிவிடுங்கள். பல வாசனை எண்ணெய்களை உடைத்து வெளியேற்றப் பூனையின் ஈரலால் முடியாது. பாச்சை உருண்டை அதைவிடக் கெடுதல்.

பெட்டிக்கு எதிராக நான் மதிக்கிற ஒரே வாதம் வெயில். பூனையின் உடல் வெப்பம் இயல்பாகவே 38-லிருந்து 39 டிகிரி. 40-ஐத் தாண்டினால் ஆபத்தான கட்டம். நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. காற்றோட்டமில்லாத பெட்டி அதற்கு அடுப்புதான். ஆனால் இதற்கும் தீர்வு பெட்டியைத் திறப்பதில் இல்லை, காரை எப்படி நிறுத்துகிறோம் என்பதில் இருக்கிறது. 2005-இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று வெயிலில் நிறுத்திய காரை அளந்து பார்த்தது. ஒரு மணி நேரத்தில் உள்வெப்பம் சராசரியாக 22 டிகிரி ஏறியது, அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்ததால் பெரிய வித்தியாசம் இல்லை. வெளியே 35 டிகிரி இருக்கிற ஒரு சித்திரை மாதக் காலையில் நாம் இட்லி சாப்பிட்டுக் காபி குடித்து வருவதற்குள் உள்ளே 50 தாண்டிவிடும். ஆகவே சாப்பிட இறங்கினால் ஒருவர் ஏசி ஓடுகிற காரில் இருக்க வேண்டும், முறை வைத்துச் சாப்பிட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் பாதிப் பிரச்சினை குறையும். பெட்டியை மெல்லிய துணியால் மூடினால் வெளிக்காட்சி மறைந்து பூனை அடங்கும், ஆனால் ஏசி காற்று வருகிற பக்கத்தை மூடாதீர்கள். பூனை வாயைத் திறந்து நாய் போல இரைத்தால் அது சாதாரணம் இல்லை. தட்டை மூக்குள்ள பெர்சியன் பூனைகளுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பு.

சாப்பாடு, மருந்து பற்றி நிறையக் கேள்வி வரும். வளர்ந்த, ஆரோக்கியமான பூனைக்குக் கிளம்புவதற்கு நான்கைந்து மணி நேரம் முன்பு உணவை நிறுத்தினால் வாந்தி குறையும். தண்ணீரை நிறுத்த வேண்டாம். குட்டிகளுக்கும் நீரிழிவு உள்ளவற்றுக்கும் மருத்துவர் சொல்படி. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கு வாந்தி மருந்தும் கேட்டு வாங்கலாம். மயக்க மருந்து கொடுத்துத் தூங்கவைத்துவிடலாமே என்றால், பழைய மயக்க மருந்துகளில் சில உடம்பை மட்டும் தளர்த்தும், பயம் உள்ளே அப்படியே இருக்கும்; வெப்பத்தைச் சமாளிக்கும் திறனையும் குறைக்கும். காபாபென்டின் வேறு வகை. 2017-இல் அமெரிக்க கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வில், பயணத்துக்கு முன் அதைக் கொடுத்த பூனைகளிடம் பதற்றம் குறைந்திருந்தது. அளவை எடை பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு சாதாரண நாளில் ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். மனிதர்களுக்கான மாத்திரையை நீங்களாக உடைத்துக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் ஒரு துண்டே பூனையைக் கொல்லும்.

எட்டு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருக்குமா? இருக்கும். வீட்டிலேயே பல பூனைகள் அவ்வளவு நேரம் லிட்டர் தட்டுப் பக்கம் போவதில்லை. பெட்டிக்குள் அடியில் உறிஞ்சும் விரிப்பு ஒன்று போட்டு, மாற்றுக்கு இன்னொன்று வைத்துக்கொள்ளுங்கள். நனைந்தால் மாற்றவும், பயணம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நீண்டு தட்டை வைத்தே ஆகவேண்டுமென்றாலும், வழியில் சாலையோரக் காரில் வைத்து அதைச் செய்யாதீர்கள். ஒரு லாட்ஜ் அறை எடுத்து, ஜன்னலையும் கதவையும் சாத்தி, குளியலறையைப் பார்த்துவிட்டுப் பிறகு பெட்டியைத் திறவுங்கள். வேறு மாநிலம் போவதாக இருந்தால் தடுப்பூசிப் புத்தகமும் மருத்துவச் சான்றும் கையில் இருக்கட்டும்.

இத்தனை பாடு எதற்கு, வீட்டிலேயே விட்டுப்போகலாமே என்று ஒருவர் கேட்டால் நான் மறுக்க மாட்டேன். இரண்டு மூன்று நாள் கல்யாணத்துக்குப் பூனையைத் தூக்கிக்கொண்டு போவது பூனைக்காகச் செய்வது இல்லை, நம் ஆசைக்காகச் செய்வது. பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, காலையும் மாலையும் வந்து பார்க்கச் சொன்னால் அது தன் இடத்திலேயே நிம்மதியாக இருக்கும். பூனைக்குப் பயணத்தில் ஆசை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வீடு மாறும்போதும், மாதக்கணக்கில் ஊரில் தங்கும்போதும், பெரிய மருத்துவமனைக்குப் போகும்போதும்தான் பெட்டி உண்மையாகவே தேவைப்படும்.

போய்ச் சேர்ந்ததும் உறவுக்காரர்கள் எல்லோரும் பார்க்க வருவார்கள். ஒரு சிறிய அறையை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, அதில் பழைய லிட்டர் தட்டை, கொஞ்சம் பழைய மணலோடு வையுங்கள். பெட்டியின் கதவைத் திறந்துவிட்டுப் பேசாமல் இருங்கள். அது வெளியே வர இரவாகலாம். பெட்டியை எடுத்துவிடாதீர்கள், அந்த ஊரில் அதற்குத் தெரிந்த ஒரே இடம் அதுதான். ஆண் பூனையாக இருந்தால் மணலைக் கட்டாயம் கிளறிப் பாருங்கள். பதற்றத்தால் சிலவற்றுக்குச் சிறுநீர்ப்பாதை அடைத்துக்கொள்ளும். தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கியும் சொட்டும் வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, ஓரிரு நாளில் உயிர் போய்விடும். ஊர்ப்புறக் கால்நடை மருந்தகங்களில் மாடும் ஆடும்தான் அதிகம் வரும். சிறுநீர்க் குழாய் போடும் வசதி இருக்காது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. போகும் ஊருக்குப் பக்கத்தில் பூனை பார்க்கும் மருத்துவர் யார், இரவில் எந்த எண்ணில் கிடைப்பார் என்பதைக் கிளம்பும் முன்பே விசாரித்துக் கைபேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.