ஈமானும் மருத்துவமும் இரக்கமும்



"நோயைத் தந்தவன் அல்லாஹ், குணப்படுத்துபவனும் அவனே. பிறகு எனக்கு எதற்கு மாத்திரை?" என்று கேட்கும் பெரியவர்கள் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் முதல் பகுதி ஈமான். இரண்டாம் பகுதியை மார்க்கம் கற்றுத் தரவில்லை.

கிராமவாசிகள் சிலர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார்கள். செய்துகொள்ளுங்கள் என்றார்கள் நபியவர்கள். முதுமையைத் தவிர, நிவாரணம் இல்லாத எந்த நோயையும் அல்லாஹ் வைக்கவில்லை என்றும் விளக்கினார்கள். உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் அபூதாவூத், திர்மிதீ நூல்களில் உள்ளது. மருந்து இருக்கிறது என்று நபியவர்களே சொன்ன பிறகு, அதைத் தேடுவது ஈமானுக்கு எதிரானதாக எப்படி ஆகும்?

தக்தீரும் தற்காப்பும்

உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் பயணமானபோது, ஸர்கு என்ற இடத்தில் அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி கிடைத்தது. ஆலோசனை செய்து, திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். ஆம், அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குச் செல்கிறோம் என்பதே உமர் (ரலி) அவர்களின் பதில். நோயும் தக்தீர், மருந்தும் தக்தீர்தான்.

ஒரு ஃபகீஹின் கண்டுபிடிப்பு

நம்மில் பலர் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். அந்த மத்ஹபின் ஃபிக்ஹைக் கெய்ரோவில் கற்பித்த ஓர் ஆலிம்தான் இப்னு நஃபீஸ் (ரஹ்). அவர் பெரிய மருத்துவரும்கூட. இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அவற்றின் வழியே வலப்பக்க இரத்தம் இடப்பக்கம் செல்கிறது என்று கிரேக்க மருத்துவர் காலன் எழுதியதை உலகம் ஆயிரம் ஆண்டுகளாக நம்பியது. அங்கே துளையே இல்லை, இரத்தம் நுரையீரலுக்குச் சென்று காற்றோடு கலந்தே இடப்பக்கம் வருகிறது என்று 13ஆம் நூற்றாண்டில் எழுதியவர் இவர். அவருடைய தொழுகை அவருடைய ஆராய்ச்சியைத் தடுக்கவில்லை.

ஹிஜ்ரி 687இல் (1288) வஃபாத்தாகும் முன், தம் வீட்டையும் நூலகத்தையும் கெய்ரோவின் மன்ஸூரி மருத்துவமனைக்கு வழங்கிவிட்டார். சுல்தான் கலாவூன் ஹிஜ்ரி 683இல் (1284) கட்டிய மருத்துவமனை அது. ஏழை, செல்வந்தர், ஆண், பெண் எல்லோருக்கும் அங்கே சிகிச்சை உண்டு. செலவை வக்ஃப் சொத்துகளின் வருமானம் ஏற்றது. வக்ஃபின் நோக்கம் என்ன என்பதை இதிலிருந்து நாம் படித்துக்கொள்ள வேண்டும்.

நம் மஹல்லாவில்?

இன்று மருந்தும் கருவியும் இருக்கின்றன. ஆனால் வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குச் செல்பவருக்குச் சிகிச்சை இலவசமாகக் கிடைத்தாலும், ஆட்டோ கட்டணத்துக்கு வழியில்லை. துணைக்கு வரும் மகனுக்கு அன்றைய கூலி போய்விடுகிறது. ஒரு மூதாட்டி சர்க்கரை மாத்திரையை இரண்டாக உடைத்து மாதத்தை ஓட்டுகிறார். இந்த இடத்தில் விஞ்ஞானம் தன் வேலையை முடித்துவிட்டது. மீதி நம்முடைய வேலை.

நான் நோயுற்றிருந்தேன், நீ ஏன் நலம் விசாரிக்க வரவில்லை என்று மறுமையில் அல்லாஹ் கேட்பான். நீ அகிலத்தின் இரட்சகனாயிற்றே என்று அடியான் திகைப்பான். நோயுற்ற என் அடியானிடம் நீ சென்றிருந்தால் அவனிடத்தில் என்னைக் கண்டிருப்பாய் என்பான் அல்லாஹ். இது ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸின் கருத்து.

எனவே ஜும்ஆ முடிந்து வீடு திரும்பும் முன் ஒரு நிய்யத் வையுங்கள். உங்கள் தெருவில் நோயாளி யார், அவர் எந்த மதத்தவராக இருந்தாலும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பணம் உள்ளவர் மருந்துக்குக் கொடுங்கள். வண்டி உள்ளவர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எதுவும் இல்லாதவர் அரை மணி நேரம் பக்கத்தில் அமர்ந்து துஆச் செய்யுங்கள்.

பயனுள்ள கல்வியையும் இரக்கமுள்ள இதயத்தையும் அல்லாஹ் நமக்குத் தருவானாக! நம் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.