களவும் ஒரு கடனே

வியாபாரிகளாகிய நமக்குக் கடன் என்றால் என்னவென்று எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. வாங்கியவர் பெயர் பேரேட்டில் இருக்கிறது. கொடுத்துத் தீர்க்கும்வரை அங்கேதான் இருக்கும். இடையில் யாரோ அவரைப் பிடித்து நாலு அறை அறைந்துவிட்டதால் நம் பற்று வரவாகிவிடாது. இந்தச் சாதாரணக் கணக்கை நாம் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மறந்துவிடுகிறோம். கடையில் களவு போய், திருடியவன் பிடிபட்டு ஜெயிலுக்குப் போய்விட்டால், "அத்தோடு தீர்ந்தது" என்கிறோம். எது தீர்ந்தது? போன சரக்கு திரும்பவில்லை. அவன் நம் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சர்க்காருக்கும் அவனுக்கும் இருந்த கணக்கு நேராயிற்று. நமக்கும் அவனுக்கும் உள்ள கணக்கு திறந்தபடியே கிடக்கிறது.

மார்க்கம் இந்த இரண்டு கணக்கையும் ஒன்றாகக் கலக்கவில்லை. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது 'ரியாளுஸ் ஸாலிஹீன்' என்னும் கிதாபில் தௌபாவின் பாடத்தைத் தொடங்கும்போதே இதைப் பிரித்துக் காட்டுகிறார்கள். பாவம் அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையில் மட்டும் உள்ளதானால் நிபந்தனைகள் மூன்று: அதை விட்டுவிட வேண்டும், அதற்காக வருந்த வேண்டும், இனிச் செய்வதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும். மற்றொரு மனிதனின் ஹக்கு அதில் சேர்ந்திருந்தால் நான்காவது நிபந்தனை ஒன்று உண்டு. அந்த ஹக்கை உரியவரிடம் ஒப்படைத்தாக வேண்டும். பொருளானால் பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். புறம் பேசியதானால் பேசப்பட்டவரிடமே சென்று பொறுத்துக்கொள்ளும்படி கேட்க வேண்டும். இந்த நான்காவது நிபந்தனையைச் சிறைச்சாலையின் எந்த அறையிலும் அடைபட்டிருந்து நிறைவேற்ற முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை தம் தோழர்களிடம், திவாலானவன் யார் தெரியுமா என்று வினவியதாக ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் உண்டு. பணமும் பொருளும் இல்லாதவன் என்று அவர்கள் பதில் கூறினார்கள். நாமும் மஞ்சள் கடுதாசி கொடுத்தவனைத்தான் காட்டியிருப்போம். ஆனால் நபியவர்கள் காட்டிய திவாலாளி வேறு. அவன் தொழுகையும் நோன்பும் ஸகாத்தும் நிறையக் கொண்டு வருவான். கூடவே ஒருவரை ஏசியிருப்பான், ஒருவர் பொருளைத் தின்றிருப்பான், ஒருவரை அடித்திருப்பான். அவர்கள் ஒவ்வொருவருக்கும் அவனுடைய நன்மைகளிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டு, இருப்புத் தீர்ந்த பிறகு அவர்களுடைய பாவங்கள் அவன் தலையில் ஏற்றப்படும். அந்த நாளிலும் பாதிக்கப்பட்டவருடைய பாக்கி பாக்கியாகவே நிற்கிறது.

நிற்க. இக்காலத்தில் நீதித்துறையார் 'சீரமைக்கும் நீதி' என்று ஒரு முறையைப் பற்றி அதிகமாகப் பேசுகிறார்கள். அதன் தொடக்கமாக அவர்கள் பெரும்பாலும் குறிப்பிடும் சம்பவம் 1974ஆம் ஆண்டில் கனடா தேசத்தின் ஒண்டாரியோ மாகாணத்தில், எல்மைரா என்ற சிற்றூரில் நடந்தது. இரண்டு வாலிபர்கள் ஒருநாள் இரவு குடித்துவிட்டு ஊருக்குள் புகுந்து கார் டயர்களைக் கிழித்தார்கள், சன்னல்களை உடைத்தார்கள். மொத்தம் 22 பேருடைய சொத்துக்கள் சேதமாயின. இருவரும் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மார்க் யான்ட்ஸி என்ற நன்னடத்தை அதிகாரிக்கு, இவர்களைச் சேதப்பட்ட ஒவ்வொரு வாசலுக்கும் அழைத்துச் சென்றால் என்ன என்று தோன்றியது. சட்டத்தில் இடமிருக்கிறதா என்று முதலில் தயங்கிய நீதிபதியும் பிறகு இணங்கினார்.

அந்த நடையை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கதவையும் தட்டி, "உங்கள் சன்னலை உடைத்தவன் நான்தான்" என்று சொல்ல வேண்டும். எதிரில் நிற்பவர் கோபப்படுவார், அழுவார், தன்னை மட்டும் குறிவைத்துத்தான் செய்தார்களோ என்று அன்றிலிருந்து பயந்து கிடந்ததைச் சொல்வார். தலைகுனிந்து அத்தனையையும் கேட்டுக்கொண்டு, நஷ்டம் எவ்வளவு என்று எழுதிக்கொள்ள வேண்டும். சிறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது இதைவிடச் சுலபம் என்றே நமக்குத் தோன்றுகிறது. சில மாதங்களுக்குள் இருவரும் நஷ்டஈட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் பல ஆண்டுகளுக்குப் பின் இதே சமரசப் பணியில் தாமே சேர்ந்து உழைத்தார்.

இதைக் கொண்டு எல்லாக் குற்றத்தையும் வாசற்படியில் பேசித் தீர்த்துவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. கத்தியெடுத்தவனைக் காவலில் வைக்கத்தான் வேண்டும். பாதிக்கப்பட்டவரை, "மன்னித்துவிடுங்கள்" என்று நாலு பேர் கூடி நெருக்குவதும் இன்னொரு அநியாயமாகும். மன்னிப்பு அவருடைய கைச்சரக்கு. கொடுப்பதும் கொடாததும் அவர் இஷ்டம். கொலையுண்டவரின் உரியவர்கள் மன்னிப்பதைப் பற்றித் திருக்குர்ஆன் பகரா சூராவில் (2:178) கூறும்போதும் அந்த இஷ்டம் அவர்களிடமே விடப்பட்டிருக்கிறது.

ஆகவே சிறை இருக்கத்தான் செய்யும். அப்படியானால், உள்ளே அடைத்தவர்களுக்கும் கடன் ஒன்று உண்டாகிறது. இதை முதலில் விவரமாக எழுதி வைத்தவர்களுள் நம் இமாம் அபூயூஸுப் (ரஹ்) அவர்கள் ஒருவர். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் மாணவர். பாக்தாதில் கலீபா ஹாரூன் ரஷீதின் காலத்துத் தலைமைக் காஜி. 798ஆம் ஆண்டில் காலமானவர். கலீபாவுக்காக அவர்கள் எழுதிய 'கிதாபுல் கராஜ்' வரிவசூலைப் பற்றிய நூல்தான். ஆனால் அதற்குள்ளே கைதிகளைப் பற்றியும் பேசுகிறார்கள். அக்காலத்தில் கைதிகளைச் சங்கிலியோடு தெருவில் விட்டுப் பிச்சையெடுத்து உண்ணச் செய்யும் வழக்கம் இருந்தது. அதை நிறுத்தச் சொன்னார்கள். ரொட்டியாகக் கொடுத்தால் சிறைக்காவலர்கள் விழுங்கிவிடுவார்கள். ஆகையால் மாதம் பத்து திர்ஹம் பணமாகவே கொடுங்கள் என்றார்கள். நேர்மையான ஒருவர் கைதிகளின் பெயரைப் பதிவேட்டில் எழுதி, மாதாமாதம் உட்கார்ந்து, பெயர் சொல்லி அழைத்து, அவரவர் கையிலேயே கொடுக்க வேண்டும்; விடுதலையானவரின் பணம் திரும்ப வர வேண்டும். (சம்பளப் பட்டுவாடா செய்து பழகிய நம்மவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை நன்றாக விளங்கும்.) குளிர்காலத்துக்கும் கோடைக்கும் தனித்தனி உடுப்பு, கேட்பாரற்று இறந்தால் பைத்துல்மால் செலவில் கபனும் அடக்கமும் வேண்டும் என்றும், விசாரணையே இல்லாமல் கிடப்பவர்களின் வழக்குகளை அதிகாரிகள் தவறாமல் பார்த்து முடிக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். ஐக்கிய நாட்டுச் சபை கைதிகளை நடத்தும் விதிகளை 1955இல் ஜெனீவாவில் வகுத்து, 2015இல் திருத்தி, 27 ஆண்டு சிறையிலிருந்த மண்டேலாவின் பெயரைச் சூட்டியது. தொடர்ந்து 15 நாளுக்கு மேல் தனிமைச் சிறை கூடாது என்பது அவற்றுள் ஒன்று.

இனி நம் கடைவாசலுக்கு வருவோம். சிங்கப்பூரின் 2010ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றவாளியென்று தீர்ப்பான பின், பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்க உத்தரவிடலாமா என்பதை நீதிமன்றம் யோசித்தாக வேண்டும். நம்மவர்களில் பலர் இதை அறியாமல், எவ்வளவு நஷ்டம் என்று கணக்கு எழுதிக் கொடுப்பதுகூட இல்லை. அதற்குப் பதிலாகப் பிடிபட்ட பையனின் படத்தைக் கைப்பேசியில் ஊரெல்லாம் அனுப்புகிறோம். படம் போனதால் ஒரு காசு திரும்பியதுண்டா? அவனுடைய தாயார்தான் அஞ்சடியில் தலைநிமிர்ந்து நடக்க முடியாமற் போகிறது.

தண்டனை முடிந்து வெளியே வந்தவர்களின் காரியம் இதைவிடக் கஷ்டமானது. அவர்களுக்காக 2004இல் மஞ்சள் நாடா இயக்கம் தொடங்கியது. சிறு குற்றங்களில், மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறையோ 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதமோ பெற்றவர், உரிய மற்ற நிபந்தனைகளுக்கும் பொருந்தி, ஐந்தாண்டு ஒழுங்காக இருந்தால், அவருடைய குற்றப்பதிவு காலாவதியானதாகச் சட்டம் கருதுகிறது. சட்டம் மூடிய ஏட்டை நாம் மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, "அவன் உள்ளே போய் வந்தவன்" என்று பேரனுக்குப் பெண் பார்க்கும் காலம்வரை சொல்லிக்கொண்டிருக்கிறோம். கொடுத்துத் தீர்த்த கடனை மறுபடி கேட்கும் கடைக்காரரை நாம் என்ன பெயரிட்டு அழைப்போம்?

அப்படிப்பட்டவரை முதல் நாளே கல்லாவில் உட்கார வையுங்கள் என்று நாம் சொல்லவில்லை. புதிதாக வரும் எவரையும் நாம் அங்கே உட்கார வைப்பதில்லை. சரக்கு இறக்கவும், லாரியோடு போகவும், கிட்டங்கியில் மூட்டை எண்ணவும் ஆள் வேண்டியிருக்கிறது. ஆள் கிடைக்கவில்லை என்று நாம்தாம் சங்கத்துக்கு வரும்போதெல்லாம் குறைப்படுகிறோம். வேலை கேட்டு வருபவரிடம், என்ன செய்தாய் என்று ஒருமுறை கேட்கலாம். யாருக்குச் செய்தாய், அவருக்கு இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்பதையும் கேட்கலாம். இருக்கிறது என்று சொன்னால், மாதச் சம்பளத்தில் அவரே ஒரு தொகையை ஒதுக்கி உரியவருக்கு அனுப்ப நம் கணக்கப்பிள்ளை ஓர் ஏடு போட்டுக் கொடுக்கலாம்.