மதுராந்தகன் பக்கம் ஒரு வாதம்

கேள்வி: ஐயா, நான் ஸ்ரீமுஷ்ணத்தில் தமிழாசிரியை. பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகளின் பட்டிமன்றம் ஒன்று வைத்திருக்கிறோம். 'பொன்னியின் செல்வன்' கதையில் பதவி ஆசை மிகுந்தவர் நந்தினியா, மதுராந்தகனா என்பது தலைப்பு. வீட்டில் சொன்னதும் என் மாமனார், "இதுல என்னம்மா பட்டிமன்றம்? ஆதித்த கரிகாலனைத் தீர்த்துக்கட்டினதே மதுராந்தகன்தான். உடையார்குடிக் கல்வெட்டுலயே இருக்கு" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். படம் பார்த்த பிள்ளைகள் ஒன்று சொல்கிறார்கள், புத்தகம் படித்தவர்கள் வேறு சொல்கிறார்கள். உண்மையில் அவர் எப்படிப்பட்ட மனிதர்? நந்தினி என்று ஒருத்தி இருந்தாளா?

பதில்: முதலில் மாமனார் கணக்கைத் தீர்த்துவிடலாம். அவர் சொன்னதில் பாதி சரி. ராஜராஜ சோழனின் அண்ணன் கரிகாலன் கொலையைப் பேசும் கல்வெட்டு உங்களுக்குப் பக்கத்தில்தான், காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலில் இருக்கிறது. ஆனால் அதில் குற்றவாளி என்று மதுராந்தகன் பெயர் இல்லை. மதுராந்தகன் என்கிற உத்தம சோழர் அந்தக் கல்லில் எந்த இடத்திலும் கொலையோடு சேர்த்துப் பேசப்படவில்லை.

கல் சொல்வது வேறு. அது ஓர் அரசாணை. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு, அதாவது இன்றைய காட்டுமன்னார்கோயில் ஊர்ச்சபைக்கு, ராஜகேசரி என்ற பட்டம் கொண்ட மன்னனிடமிருந்து வந்தது. ஆண்டு, ஆட்சியின் இரண்டாவது. அந்த மன்னன் முதலாம் ராஜராஜன் என்பதே அறிஞர்களின் பொதுவான கொள்கை. அப்படியானால் கி.பி. 987-ஐ ஒட்டிய காலம். பாண்டியன் தலைகொண்ட கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் சொத்து, அவர்களுடைய உறவுக்காரர்களின் சொத்து இவற்றை என்ன செய்வது என்பதுதான் விஷயம். சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர் சொல்கிறது. நாவல் படித்தவர்களுக்கு ரவிதாசன் என்றால் காட்டுக்குள் ஆந்தை போலக் குரல் கொடுக்கும் மந்திரவாதி. கல்லில் அவன் 'பஞ்சவன் பிரம்மாதிராஜன்' என்ற விருதுப் பெயர் தாங்கிய பெரிய அதிகாரி. பரமேஸ்வரனுக்கு 'இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன்' என்று பட்டம். பஞ்சவன் என்றால் பாண்டியன். ஆக ஒருவன் பட்டத்தில் பாண்டிய வாடை, இன்னொருவன் பட்டத்தில் சோழ முத்திரை. கொலை எங்கிருந்து புறப்பட்டது என்ற சண்டை இந்த இரண்டு பட்டங்களுக்கு நடுவில்தான் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. கொலை நடந்த இடம் கடம்பூர் மாளிகை என்பது நாவலை எழுதிய கல்கியின் ஏற்பாடு. கல் இடத்தைச் சொல்லவில்லை. சொத்துப் பறிமுதல் இந்த வட்டாரத்தில் நடந்ததால் கொலையையும் பக்கத்து ஊரிலேயே வைத்துக்கொண்டார் என்று எனக்கு ஓர் ஊகம்.

அப்படியானால் பழி எப்படி உத்தம சோழர் தலையில் விழுந்தது? கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் சோழர் வரலாறு எழுதியபோது சந்தேகத்தைக் கிளப்பினார். கரிகாலன் இறந்ததும் பட்டத்துக்கு வந்தவர் உத்தமர். 985 வரை, ஏறத்தாழ பதினைந்து ஆண்டு ஆண்டார். அத்தனை காலம் துரோகிகள் சொத்தில் கை வைக்காமல், அடுத்து வந்த ராஜராஜன் ஏன் வைக்க வேண்டும்? கேள்வி நியாயமானதுதான். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்த சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. கல்லில் இருப்பது சொத்து விற்பனைபற்றிய ஏற்பாடு, கொலைகாரர்களுக்கு முதல் தண்டனை அன்றுதான் கிடைத்தது என்று அது சொல்லவில்லை. நான் பண்டாரத்தார் கட்சி. ஒரு காரணம் போதும்: உத்தமருடைய மகன் மதுரன் கண்டராதித்தனை ராஜராஜன் உயர்ந்த பொறுப்பில் வைத்துக் கோயில் கணக்கு வழக்குகளைப் பார்க்கச் சொன்னான். அண்ணனைக் கொன்றவர் மகனிடம் யாராவது சாவிக்கொத்தைக் கொடுப்பார்களா?

ஆசையே இல்லாத உத்தமர் என்றும் நான் சொல்லவரவில்லை. ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேட்டின் சமஸ்கிருதப் பகுதியில் ஒரு செய்தி வருகிறது. கரிகாலனுக்குப்பின் மக்கள் அருள்மொழியை, அதாவது பின்னாளைய ராஜராஜனை, அரசேற்கச் சொன்னார்கள். சிற்றப்பன் உத்தமருக்கு நாட்டின்மேல் ஆசை இருக்கும்வரை தான் அதை மனத்தாலும் விரும்புவதில்லை என்று அவன் மறுத்துவிட்டான். ஆசை என்ற சொல் அங்கே இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் எழுதியவர்கள் யார்? ராஜராஜனின் மகன் அவையில் இருந்தவர்கள். தம் அரசனின் தகப்பனை உயர்த்த எதிர்ப்பக்கம் ஓர் ஆசைக்காரர் தேவை.

அவர்கள் சொல்லாமல் விட்டதைச் சேர்த்துப் பாருங்கள். உத்தமரின் அப்பா கண்டராதித்தர் சோழ மன்னர், மூத்தவர் வழி. அவர் மறைந்தபோது மகன் சின்னப் பையன். அதனால் தம்பி அரிஞ்சயர், அவருக்குப்பின் அவர் மகன் சுந்தர சோழர் என்று அரசு இளையவர் வீட்டுக்குப் போனது. பங்காளி பத்திரத்தை 'பையன் வளரட்டும், அதுவரை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று எடுத்துப்போனால், பையன் வளர்ந்ததும் திருப்பிக் கேட்பதற்கு உங்கள் ஊரில் பேராசை என்றா பெயர்? ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பத்திர எழுத்தரையும் கேளுங்கள்.

அம்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாவலில் செம்பியன் மாதேவி மகன் அரசாளக் கூடாது என்று ஒற்றைக்காலில் நிற்பவர். கல்லில் தெரிபவர் வேறு. உத்தம சோழரைப் பெற்ற வயிறு என்பதே கல்வெட்டுகளில் அவருக்குப் பெருமை. செங்கல் கோயில்களைக் கற்றளியாக மாற்றிக்கொண்டே போன அந்த அம்மாளின் கை உங்கள் விருத்தாசலம் கோயிலிலும் பட்டிருக்கிறது. நாகப்பட்டினம் பக்கத்தில் அவர் பெயரிலேயே ஓர் ஊர் உண்டு. அங்கே மாமியாரின் பிறந்த நட்சத்திரத்தில் அன்னதானம் நடக்க உத்தமரின் மனைவிமார்கள் நிவந்தம் வைத்தார்கள். மருமகள்கள் கூட்டாகப் பணம் போட்டு மாமியார் பிறந்த நாளைக் கொண்டாடிய வீடு அது. அம்மாவும் பிள்ளையும் பகைத்துக்கொண்ட வீடாக எனக்குத் தோன்றவில்லை.

இனி கல்கி. 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதியவருக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரியும். செப்பேட்டின் ஆசைக்காரரும் செம்பியன் மாதேவியின் அருமை மகனும் ஓர் ஆளுக்குள் அடங்க மறுத்தார்கள். அவர் என்ன செய்தார், ஆளையே இரண்டாக்கிவிட்டார்! அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகனிடம் ஆசை முழுவதையும் கொட்டினார். பூக்கொய்யும் சேந்தன் அமுதனிடம் நல்ல குணத்தை வைத்து, அவனே உண்மையான இளவரசன் என்று முடிச்சை அவிழ்த்தார். உத்தம சோழர் என்று முடிசூடுவது அமுதன். நாவலாசிரியர் செய்யலாம், வரலாறு எழுதுகிறவர் செய்ய முடியாது. 2022, 2023-இல் வந்த மணிரத்னம் படத்தில் இந்த ஆள்மாறாட்டம் இல்லை. உங்கள் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்ததற்குக் காரணம் அதுதான்.

நந்தினியா? கல்லிலும் இல்லை, செப்பிலும் இல்லை. முழுக்கக் கல்கியின் படைப்பு. கொலைக்குக் கல் காரணம் சொல்லவில்லை, அந்தக் காலி இடத்தில் ஒரு பெண்ணை நிறுத்தினார். அவளுடைய ஆசை நமக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்கும் அதுவே காரணம். மறுத்துப் பேச ஒரு கல்வெட்டும் கிடையாது. உத்தமருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே தலைப்பில் ஒரு சின்னக் கோணல் இருக்கிறது அம்மா. கற்பனைப் பெண் ஒருத்தியையும் நிஜ மனிதர் ஒருவரின் பெயரை வாங்கிக்கொண்ட கற்பனை இளைஞன் ஒருவனையும் எதிரெதிரே நிறுத்தியிருக்கிறீர்கள். தலைப்பை மாற்றவேண்டாம். நடுவர் தொடக்கவுரையில் இதை இரண்டு நிமிடம் சொல்லிவிட்டால் போதும். மூன்றாவது அணியாக உத்தம சோழருக்கு ஒரு வக்கீல் வைத்தால் இன்னும் நல்லது. மண்ணாசைக்குப் பேர்போன இரணியாட்சன் பக்கம்கூட உங்கள் ஊர்ப் பூவராகர் முகத்தைத் திருப்பினார் என்றுதானே கதை. மேற்கே பார்த்த சன்னதியில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, முகம் மட்டும் தெற்கே பார்க்கும் அந்தக் கோலத்தை வக்கீல் பிள்ளை தன் முதல் வாதமாக வைத்துக்கொள்ளட்டும்.

மாமனாரிடம் இதையெல்லாம் படித்துக் காட்டவேண்டாம், நம்பமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உடையார்குடிக்கு அழைத்துப் போங்கள். ஒரு டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். நேராக அடித்தால் வெறும் கருங்கல்தான் தெரியும். சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் எழுத்துகள் மேலெழும்பும். சுண்ணாம்பு, மாவு எதையும் தடவிவிடாதீர்கள், கல் பாழாகும். சோழர் கால எழுத்து கொஞ்சம் முரண்டு பண்ணும், அச்சில் வந்த பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் பார்க்க வேண்டும். மதுராந்தகன் பெயர் எங்கே என்று அவரே தேடட்டும்.