ஒரு பானைச் சோறும் ஓர் இனமும்

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நம் முன்னோரின் பழமொழி. பானையில் இருப்பது ஒரே அரிசி. கொதித்தது ஒரே நீரில். ஆகவே, ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் பானை முழுவதையும் அறிந்துவிடலாம். ஆனால், இதே முறையில் மனிதரையும் அளக்க முடியுமா? ஒருவருடைய குணத்தைக் கண்டு, அவர் பிறந்த இனமே அப்படித்தான் என்று முடிவு செய்வது சரியாகுமா? ஆராய்ந்து பார்ப்பதற்கு முன்பே ஒரு கூட்டத்தாரைப் பற்றி மனத்தில் எழுதிக்கொள்ளும் இத்தகைய தீர்ப்பைத் தப்பெண்ணம் என்பர். தப்பெண்ணம் எங்கிருந்து பிறக்கிறது என்பதை ஆராய்ந்த மலேசிய அறிஞர்களுள் முதன்மையானவர் சமூகவியல் பேராசிரியர் சையிட் உசேன் அலாத்தாஸ்.

அலாத்தாஸ் 1928-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள், இன்றைய இந்தோனேசியாவில் உள்ள போகோர் நகரில் பிறந்தார். நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1963-இல் முனைவர் பட்டம் பெற்றார். தேவான் பகாசா டான் புஸ்தாகாவில் ஆய்வுப் பணியும் மலாயாப் பல்கலைக்கழகத்தில் விரிவுரைப் பணியும் ஆற்றினார். 1967-இல் சிங்கப்பூரில் மலாய் ஆய்வியல் துறையின் தலைவராகப் பொறுப்பேற்று, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். 1988-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். ஊழலைப் பற்றியும் அறிவாளர்களின் கடமையைப் பற்றியும் அவர் எழுதிய நூல்கள் பல நாடுகளில் படிக்கப்பட்டன.

அவரை உறுத்திய கேள்வி ஒன்று உண்டு. காலனித்துவ காலத்தில் எழுதப்பட்ட நூல்களில் மலாய்க்காரர் சோம்பேறிகள் என்ற கருத்து திரும்பத் திரும்ப வந்தது. பிலிப்பீன்ஸ் மக்களைப் பற்றியும் ஜாவா மக்களைப் பற்றியும் அவர்களை ஆண்டவர்கள் அவ்வாறே எழுதினர். வெவ்வேறு தீவுகள், வெவ்வேறு மொழிகள், வெவ்வேறு ஆட்சியாளர்கள்; ஆனால், குற்றச்சாட்டு மட்டும் ஒன்றுதான். இது எப்படி நேர்ந்தது? விடை தேடி, 16-ஆம் நூற்றாண்டு முதல் 20-ஆம் நூற்றாண்டு வரையிலான பல எழுத்துகளை அவர் படித்தார். அந்த ஆய்வின் பயனாக, ‘சோம்பேறிப் பூர்வகுடி என்னும் கட்டுக்கதை’ என்று பொருள்படும் ஆங்கில நூல் 1977-இல் இலண்டனில் வெளிவந்தது. பின்னர் தேவான் பகாசா டான் புஸ்தாகா அதனை மலாய் மொழியில் வெளியிட்டது.

அலாத்தாஸ் கண்ட விடை எளிமையானது, ஆனால், கூர்மையானது. மலாய்க்காரர் உழைக்காமல் இருந்ததில்லை. அவர்கள் நெல் விளைவித்தார்கள், மீன் பிடித்தார்கள், படகு கட்டினார்கள். அந்நியருடைய தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் குறைந்த கூலிக்கு வேலை செய்ய மட்டும் பெரும்பாலோர் முன்வரவில்லை. சொந்த நிலமும் சொந்த ஊரும் இருந்ததால், அந்தக் கடுமையான வாழ்க்கையை ஏற்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. முதலாளிக்கு இலாபம் தராத உழைப்பு ஆட்சியாளரின் கண்ணுக்கு உழைப்பாகவே தெரியவில்லை. ‘எனக்காக உழைக்க மறுக்கிறான்’ என்பது, ‘உழைக்கவே மறுக்கிறான்’ என்று மாறிவிட்டது.

ஜொகூர் மாநிலத்தின் வரலாறும் இதற்குச் சான்று கூறுகிறது. முவார், பத்து பகாட் வட்டாரங்களில் மலாய்க்காரரும் ஜாவாவிலிருந்து குடியேறியவர்களும் தங்கள் சிறு நிலங்களில் ரப்பர்க் கன்றுகளை நட்டு வளர்த்தார்கள். சோம்பேறிகள் என்று எழுதப்பட்டவர்களின் கைகளே காட்டைத் திருத்தித் தோப்புகளாக்கின.

மற்ற இனத்தவரும் இந்தப் பார்வையிலிருந்து தப்பவில்லை. ஜொகூரின் ஆற்றங்கரைகளில் 19-ஆம் நூற்றாண்டில் மிளகும் கம்பீரும் பயிரிட்ட சீனர்களுள் பலர், கடன்சுமையோடு கப்பலேறி வந்தவர்கள். தமிழகத்திலிருந்து வந்த தமிழர்களோ விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, லயங்களில் வாழ்ந்தார்கள். ஒப்பந்தத்தால் பிணைத்து இந்தியத் தொழிலாளர்களைக் கொண்டுவரும் முறை 1910-இல்தான் முடிவுக்கு வந்தது. ஒப்பந்தக் காலத்தில் வேலையை விட்டுச் செல்வதே குற்றமாகக் கருதப்பட்டது. ஆயினும், தமிழர்கள் இயல்பாகவே அடங்கிப் போகிறவர்கள், எளிதில் மேய்க்கத்தக்கவர்கள் என்று தோட்ட முதலாளிகள் எழுதிவைத்தார்கள். கடனும் ஒப்பந்தமும் வறுமையும் உண்டாக்கிய நிலையைப் பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டால், அந்த நிலையை மாற்ற வேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போய்விடும். தப்பெண்ணத்தின் உண்மையான ஆபத்து இதுவே.

இன்னோர் ஆபத்தையும் அலாத்தாஸ் சுட்டிக்காட்டினார். பிறர் தம்மைப் பற்றிச் சொன்ன பொய்யை, காலப்போக்கில் மக்கள் தாமே நம்பத் தொடங்கிவிடுகிறார்கள். நாடு சுதந்திரம் அடைந்த பிறகும், காலனித்துவத்தார் வரைந்த படத்தையே பார்த்து நம்மை நாமே எடைபோடுகிறோம் என்று அவர் கவலைப்பட்டார். சொந்தமாகச் சிந்திக்காமல், அந்நியரின் கருத்தை அப்படியே ஏற்கும் மனத்தைச் ‘சிறைப்பட்ட மனம்’ என்று அவர் அழைத்தார். இந்தப் போராட்டத்தில் அவருக்கு முன்னோடி ஒருவர் இருந்தார். பிலிப்பீன்ஸ் நாட்டின் வீரர் ஹோசே ரிசால், தம் மக்களின் சோம்பல் எனப்படுவதற்கு ஆட்சியின் கொடுமையே காரணம் என்று 1890-இலேயே ஒரு கட்டுரையில் வாதிட்டிருந்தார்.

தப்பெண்ணம் எப்படிப் பிறக்கிறது என்பதை அறிந்தோம். அதனைப் போக்குவது எப்படி? அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சமூக உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட், 1954-இல் வெளியிட்ட நூலில் இக்கேள்விக்கு விடை கூறினார். வெவ்வேறு கூட்டத்தார் ஒருவரோடு ஒருவர் பழகினால் தப்பெண்ணம் குறையும். ஆனால், வெறுமனே பக்கத்தில் இருப்பது மட்டும் போதாது என்றார் அவர். பழகும் இடத்தில் அனைவரும் சம நிலையில் இருக்க வேண்டும். எல்லாருக்கும் பொதுவான ஓர் இலக்கு வேண்டும். அந்த இலக்கை அடையப் போட்டியின்றி ஒத்துழைக்க வேண்டும். சட்டமும் தலைவர்களும் அந்த உறவை ஆதரிக்க வேண்டும். இந்த நான்கும் சேர்ந்தால்தான் பழக்கம் நட்பாகும்.

இக்கருத்தை நம் வாழ்வோடு பொருத்திப் பார்க்கலாம். பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் மூவினத்து மாணவர்களும் ஒரே நேரத்தில் உணவு உண்ணலாம். எனினும், ஒவ்வோர் இனத்தவரும் தனித்தனி மேசையில் அமர்ந்தால், அங்கே அண்மை மட்டுமே உண்டு, உறவு இல்லை. வெள்ளம் வடிந்த பிறகு, சேறு படிந்த வகுப்பறையைக் கோத்தோங் ரோயோங்கில் கழுவும்போது நிலை வேறு. ஒருவர் வாளியில் நீர் கொணர்வார். ஒருவர் துடைப்பம் பிடிப்பார். ஒருவர் மேசையைத் தூக்க மற்றவர் கைகொடுப்பார். அங்கே யார் சோம்பேறி, யார் உழைப்பாளி என்பதை இனப்பெயர் சொல்வதில்லை; அவரவர் கைகளே சொல்கின்றன.

அலாத்தாஸ் 2007-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் கோலாலம்பூரில் காலமானார். அவர் தம் எழுத்தில் காப்பாற்ற முயன்றது ஓர் இனத்தின் நற்பெயரை மட்டுமன்று. எந்த இனத்தின்மீதும் ஆராயாமல் குத்தப்படும் முத்திரை பொய்யானது என்பதையே அவர் மெய்ப்பித்தார். ‘அந்த இனத்தாரே அப்படித்தான்’ என்ற பேச்சு காதில் விழும்போது, ‘இதை முதலில் சொன்னவர் யார்? சொன்னதால் அவருக்கு என்ன இலாபம்?’ என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. சோற்றுக்கு ஒரு பருக்கை போதும். மனிதரை அறியவோ, ஒவ்வொருவரோடும் பழகித்தான் ஆக வேண்டும்.