பூக்குமுன் கன்றை அறிதல்

பப்பாசி பயிரிடுவோருக்கு நன்கு தெரிந்த சங்கடம் ஒன்று உண்டு. குழிக்கு ஒரு கன்று நட்டால் போதாது. மூன்று கன்றுகளை ஒன்றாக நட்டு, ஏறக்குறைய நான்கைந்து மாதம் நீரும் பசளையும் இட்டு, பூ வந்த பின்னரே எதை விடுவது, எதை வெட்டுவது என்று தீர்மானிக்க வேண்டும். சந்தையில் நல்ல விலை பெறுவது ஈரிலிங்க மரத்தின் காய். அது நீளமானது, சதை தடித்தது. பெண் மரத்தின் காய் உருண்டையானது, உள்ளே வெற்றிடம் அதிகம். அருகில் மகரந்தம் தரும் மரம் இல்லாவிட்டால் காய்ப்பும் குறையும். விதையைப் பார்த்தோ, கன்றின் இலையைப் பார்த்தோ எது எதுவென்று எவராலும் சொல்ல முடியாது.

இந்தச் சங்கடத்தைத் தீர்க்க வழியொன்று ஆய்வுகூடத்தில் கண்டறியப்பட்டுப் பல ஆண்டுகளாகிவிட்டன. அது எவ்வாறு இயங்குகிறது என்பதையும், கண்டுபிடிப்பு ஒன்று தோட்டம் வரை வந்து சேர ஏன் இவ்வளவு காலம் எடுக்கிறது என்பதையும் இப்பாடத்தில் பார்ப்போம்.

பப்பாசியின் பால் எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது?

1938ஆம் ஆண்டில் ஸ்ரோறி, ஹொப்மேயர் என்ற இரு ஆய்வாளர்கள் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தனர். பப்பாசி மரம் ஆணா, பெண்ணா, ஈரிலிங்கமா என்பதை ஒரே பரம்பரையலகின் மூன்று வடிவங்கள் தீர்மானிக்கின்றன என்பதே அம்முடிவு. பிற்கால ஆய்வுகள் அதை மேலும் தெளிவாக்கின. பப்பாசியின் ஒன்பது சோடி நிறமூர்த்தங்களில் ஒரு சோடியின் ஒரு பகுதியிலேயே இந்தத் தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது. பெண் மரத்தில் அந்தச் சோடி இரண்டும் ஒரே வகை. ஈரிலிங்க மரத்தில் ஒன்று வேறுபட்டது.

ஈரிலிங்க மரத்தின் பூ தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டினால், விதைகளில் நாலில் ஒரு பங்கு பெண், நாலில் இரு பங்கு ஈரிலிங்கம். எஞ்சிய ஒரு பங்கில் வேறுபட்ட நிறமூர்த்தம் இரண்டும் வந்து சேர்வதால் அந்தக் கரு பிழைப்பதில்லை. ஆகவே முளைக்கும் கன்றுகளில் மூன்றில் இரண்டு ஈரிலிங்கம், ஒன்று பெண்.

இந்தக் கணக்கை 1000 குழியுள்ள தோட்டத்துக்குப் போட்டுப் பாருங்கள். குழிக்கு மூன்றாக 3000 கன்றுகள் நட வேண்டும். அவற்றில் 2000 பின்னர் வெட்டி எறியப்படும். அப்படியும் ஏறக்குறைய 37 குழிகளில் மூன்று கன்றுகளும் பெண்ணாகவே அமைந்துவிடும். நெருக்கமாக நின்ற கன்றுகள் ஒன்றையொன்று அமுக்கி, எஞ்சும் மரமும் உயர்ந்து மெலிந்து போவது தனி நட்டம்.

அடையாளக்குறி என்றால் என்ன?

ஊருக்குப் புதிதாக வருபவருக்கு வழி சொல்லும்போது, "ஒழுங்கை முடிவில் உள்ள ஒற்றைப் பனைக்குப் பக்கத்து வீடு" என்கிறோம். தேடுவது வீட்டை, கண்ணுக்குத் தெரிவது பனை. பிறப்புரிமை அடையாளக்குறி என்பது அந்தப் பனை போன்றது. நாம் தேடும் பரம்பரையலகுக்கு அருகே டி.என்.ஏ. இழையில் இருக்கும், எளிதில் கண்டுகொள்ளக்கூடிய சிறு துண்டு அது.

முளைத்துச் சில கிழமையான கன்றின் இலையிலிருந்து பொட்டளவு துண்டை எடுத்து, அதிலுள்ள டி.என்.ஏ.யைப் பிரித்து, குறித்த துண்டை மட்டும் பலகோடி மடங்காகப் பெருக்கிப் பார்க்கிறார்கள். கொவிட் நோய் பரவிய 2020ஆம் ஆண்டில் ஊரெல்லாம் அறிந்த பி.சி.ஆர். பரிசோதனையின் முறையே இதுவும். துண்டு தெரிந்தால் ஈரிலிங்கம் அல்லது ஆண், தெரியாவிட்டால் பெண். ஈரிலிங்கத்தையும் ஆணையும் வேறு பிரிக்க இன்னொரு குறி உண்டு. 2000களின் தொடக்கத்தில் ஹவாய் ஆய்வாளர்கள் இத்தகைய குறிகளை வெளியிட்டனர். 2008இல் பப்பாசியின் முழுப் பரம்பரைத் தொகுதியின் முன்வரைவும் வெளிவந்தது.

பனை தூரத்தில் நின்றால் வழி தவறலாம். இனப்பெருக்கத்தின்போது சோடி நிறமூர்த்தங்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால், குறி ஒரு பக்கமும் பரம்பரையலகு மறுபக்கமுமாகப் பிரிந்துவிடக் கூடும். பப்பாசியின் பாலைத் தீர்மானிக்கும் பகுதியில் இந்த மாற்றம் நிகழ்வதில்லை. அதனால்தான் இக்குறி இவ்வளவு நம்பத்தக்கது. ஆனால் கடும் வெப்பத்தில் ஈரிலிங்க மரமே காய்க்காத பூக்களைத் தருவதுண்டு. அதை இப்பரிசோதனை முன்கூட்டிச் சொல்லாது.

இவ்விடத்தில் ஒரு தெளிவு வேண்டும். இது பரம்பரையலகு மாற்றம் அல்ல. கன்றினுள் எதுவும் செலுத்தப்படுவதில்லை; எதுவும் மாற்றப்படுவதில்லை. ஹவாயில் 1998இல் பயிரிடக் கொடுக்கப்பட்ட, வளையப்புள்ளி வைரசை எதிர்க்கும் பப்பாசி வேறு வகை வேலை. இரண்டையும் ஒன்றாக எண்ணி அஞ்சுவோர் பலர் இருப்பதால் சொல்கிறேன்.

அப்பிள் தரும் பாடம்

குறிகளின் உண்மையான பெறுமதி தெரிவது, கண்ணால் பார்த்து அறியவே முடியாத இடத்தில். அப்பிளில் ஸ்காப் என்னும் பொருக்கு நோயைப் பங்கசு ஒன்று உண்டாக்குகிறது. மாலஸ் புளோரிபண்டா என்ற காட்டு அப்பிளில் அதற்கு எதிர்ப்புத் தரும் பரம்பரையலகு இருந்தது. அதன் காய் மிகச் சிறிது, உண்ணத் தகாதது. ஆகவே நல்ல அப்பிளுடன் தலைமுறை தலைமுறையாகக் கலப்புச் செய்ய வேண்டியிருந்தது. விதையிலிருந்து வளரும் அப்பிள் காய்க்கப் பல ஆண்டுகள் எடுக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்த இவ்வேலையிலிருந்து பிரிமா என்ற வர்க்கம் ஐக்கிய அமெரிக்காவில் 1970இல்தான் வெளிவந்தது.

பின்னர் அந்த எதிர்ப்பையும் மீறும் பங்கசு வகை ஐரோப்பாவில் தோன்றியது. 1990களில் அது உறுதியானது. ஒற்றைப் பூட்டைத் திறக்கத் திருடன் கற்றுக்கொண்டான் எனலாம். இரண்டு மூன்று எதிர்ப்புப் பரம்பரையலகுகளை ஒரே மரத்தில் சேர்ப்பதே வழி. ஆனால் ஒரு பூட்டுள்ள கன்றும் இரண்டு பூட்டுள்ள கன்றும் நோயற்றுத் தோற்றத்தில் ஒரேமாதிரி நிற்கும். எந்தக் கன்றில் இரண்டும் உள்ளன என்பதைக் குறிகளைக் கொண்டே எளிதாகக் கண்டுகொள்ளலாம்.

ஏன் தாமதம்?

ஆய்விதழ்களில் வெளியான குறிகள் எண்ணற்றவை. பயன்பாட்டுக்கு வந்தவை சிலவே. ஒரு தாய் மரத்துக்கும் ஒரு தந்தை மரத்துக்கும் பிறந்த கன்றுகளில் கண்டுபிடித்த குறி, வேறு பெற்றோரின் பிள்ளைகளில் பொய்த்துவிடலாம். இனிப்பு, பழத்தின் பருமன் போன்றவற்றைப் பல பரம்பரையலகுகள் கூட்டாகத் தீர்மானிப்பதால் ஒரு குறியால் சொல்லிவிட முடியாது. கன்றுகளைக் களத்தில் நடுமுன்னரே முடிவு வந்தாக வேண்டும்; பிந்திய முடிவால் பயனில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே ஐக்கிய அமெரிக்காவில் 2009இல் ரோஸ்பிறீட் என்ற திட்டம் தொடங்கி, அப்பிள், பீச், செரி, ஸ்ட்ரோபெரி ஆகியவற்றின் விருத்தியாளர்களையும் ஆய்வுகூடத்தாரையும் ஒரே மேசையில் அமர்த்தியது. என் அபிப்பிராயத்தில், ஆய்வாளர் தமக்கு இலகுவான கேள்வியைக் கேட்பதும், விருத்தியாளர் தமக்கு வேண்டியதைச் சொல்லாதிருப்பதுமே தாமதத்தின் பெரும் பங்கு.

மிகுதி பணக் கணக்கு. மேற்சொன்ன 1000 குழித் தோட்டத்துக்குக் குறியைப் பயன்படுத்தினால் 1500 சிறு கன்றுகளைச் சோதித்து, பெண்ணான 500ஐ நாற்றுமேடையிலேயே கழித்துவிடலாம். ஒரு மரத்துக்கு ஒன்றரைப் பரிசோதனை என்றாகிறது. அதன் செலவு, இரண்டு மேலதிகக் கன்றுகளை வாங்கி ஐந்து மாதம் வளர்க்கும் செலவைவிடக் குறைவானால்தான் விவசாயிக்கு இலாபம். தனி விவசாயி ஒருவர் இதைச் செய்விப்பது கட்டுப்படியாகாது. பல்லாயிரம் கன்று வளர்க்கும் நாற்றுமேடைக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ கட்டுப்படியாகலாம். ஈரிலிங்கத் தாய் மரத்திலிருந்து இழைய வளர்ப்பு முறையில் எடுத்த கன்றானால் பரிசோதனையே வேண்டியதில்லை. கன்று வாங்கும்போது "பரிசோதித்ததா, இழைய வளர்ப்பா, வெறும் விதைக் கன்றா?" என்று கேளுங்கள். விலை வேறுபாட்டுக்கு நியாயம் உண்டா என்று மேற்சொன்ன கணக்கைக் கொண்டு நீங்களே பார்க்கலாம்.

விதைக் கன்றுதான் கிடைக்கும் என்றால் பூவைப் பாருங்கள். நீண்டு தொங்கும் கிளைத்த காம்பில் கூட்டமாகச் சிறு பூக்கள் வந்தால் ஆண். தண்டோடு ஒட்டினாற்போல், அடி பருத்து, உள்ளே கேசரங்கள் இல்லாத பெரிய பூ பெண். அடி ஒடுங்கிக் குழல்போல நீண்டு, இதழ்களை விரித்தால் சூலகத்தைச் சுற்றி மஞ்சள் மகரந்தப் பைகள் தெரிவது ஈரிலிங்கம். அதை விட்டு மற்றவற்றை உடனே வெட்டுங்கள்.